கேலரி ஏறும் முன் கீழே குனிந்து பாருங்கள்

1. நாலு விரல்

நாலாவது செட் ஓடிக்கொண்டிருந்தது. கேலரியின் தெற்கு மூலைக் கம்பம் நாலு விரல் சாய்ந்து, திரும்பி நேரானது. மேலே அறுநூறு பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கண் பந்தில் இருந்தது. கம்பத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

நான் கேலரி கட்டினவன். பெயர் ரங்கன். ஐந்தாவது வரை படித்தேன். வாலிபால், கபடி, பேஸ்கட்பால் என்று எந்தப் போட்டி நடந்தாலும் முதல் நாள் போய்க் கட்டுவோம், மறுநாள் பிரிப்போம். பெருந்துறை, தாராபுரம் வரை கட்டியிருக்கிறோம். இப்போது வேலையை விட்டுவிட்டேன். மேட்ச் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆட்டத்தைப் பற்றி வேறு ஆட்கள் சொல்வார்கள். நான் உட்காருகிற இடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

கேலரி என்றால் பன்னிரண்டு படி. சவுக்குக் கம்பம் நட்டு, குறுக்கே கம்பம் கட்டி, மேலே பலகை போடுவோம். ஆணி கிடையாது. எல்லாம் தேங்காய் நார்க் கயிறு. நனைத்துக் கட்டினால்தான் முடிச்சு கடிக்கும்.

எங்கள் கேலரி பாரத்தால் விழாது. நேராக அழுத்துகிற எடையைக் கம்பம் தாங்கும். விழுந்தால் பக்கவாட்டில்தான் விழும். அதற்காக இரண்டு ஓரத்திலும் முட்டுக் கொடுப்போம். முட்டு என்பது சாய்த்து வைக்கிற கம்பம். தலை கேலரியில் கட்டியிருக்கும். கால் தரையில் அடித்த முளையில் நிற்கும். ஒரு ஓரத்துக்கு இரண்டு முட்டு.

அன்றைக்குத் தெற்கு ஓரத்தில் இரண்டு முட்டும் இல்லை. அவிழ்த்தது நான்தான்.

2. சரிங்க என்றது

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. துடியலூரைத் தாண்டி ஒரு மைதானம். வாலிபால் ஃபைனல். ஒரு பக்கம் உள்ளூர் மில் டீம். இன்னொரு பக்கம் வெளியூர் டீம், ஆடுவதற்கே வேலை கொடுத்து வைத்திருந்த ஆட்கள். மில் டீம் ஃபைனலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

மதியம் இரண்டு மணிக்குப் போட்டிக் கமிட்டியின் செயலாளர் வந்தார். கடலை மில் வைத்திருந்தவர். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் ரோஜாப்பூ பேட்ஜ்.

"ஏப்பா ரங்கா, இந்தக் கட்டை ரெண்டும் வழிய மறிக்குதே. விருந்தினர் காரு மேடை வரைக்கும் போகோணுமல்லோ."

கேலரிக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஒரு பாதைதான் இருந்தது. முட்டு இரண்டும் அதில்தான் ஊன்றியிருந்தன.

"அது முட்டுங்க. கேட்டுலயே எறங்கி நடந்து வரலாமுங்களே. அம்பது அடிதானுங்க."

"நல்லாச் சொன்னே போ! ஒறம்பரையா வாரவர மண்ணுல நடக்க உட்டா ஊரு என்ன பேசும்? காரு உள்ள போனதும் மறுக்காக் கட்டிப்போடு. சித்த நேர வேலை."

என்னோடு கட்டுகிற மாரப்பன் என் முகத்தைப் பார்த்தான். வேண்டாம் என்று கண்ணால் சொன்னான். நான் "சரிங்க" என்றேன். கேலரியில் அப்போது இருபது பேர்கூட இல்லை. கார் போனதும் கட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

கார் வந்தது. வெள்ளை அம்பாசிடர். கேலரி ஓரம் வரை வந்து நின்றது. அதற்கு மேல் கூட்டம். விருந்தினர் அங்கேயே இறங்கினார். மாலை போட்டார்கள், ஜமாப் மேளம் அடித்தார்கள். மேடைக்கு நடந்தே போனார். டிரைவர் கதவைப் பூட்டிவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டார். என் முளை இரண்டும் காருக்கு அடியில் மாட்டிக்கொண்டன.

டிரைவரைத் தேடினேன். டீக்கடையில் இல்லை. மேடைக்குப் பின்னால் இல்லை. தேடி முடிப்பதற்குள் கேலரி நிறைந்துவிட்டது.

3. நெருங்கி உட்காருவது

இங்கே பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

நம் ஊரில் இடம் இல்லை என்று ஒருவர் வாயிலும் வராது. ஒரு படிக்கு நாற்பது பேர் என்று கணக்குப் போட்டுக் கட்டுவோம். நாற்பத்தொன்றாவது ஆள் வந்து நின்றால், "அட வாங்க, ஒட்டி உக்காந்துக்கலாமுங்க" என்பார்கள். அவருக்குப் பின்னால் மச்சான் வருவார். "அவியளும் வரட்டுங்க, பாவம், எத்தன நேரம் நிப்பாங்க?" என்பார்கள். ஐம்பது ஆகும். எல்லோரும் நல்லவர்கள்தான். கம்பத்துக்கு அது தெரியாது.

ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே வாருங்கள். ஏறும் முன் ஓரமாக வந்து கேலரிக்கு அடியில் பாருங்கள். முட்டு இருக்கிறதா, முளை அசைகிறதா பாருங்கள். படிக்கு நாற்பது பேர் ஆகிவிட்டால் ஆடுகளத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே தரையில் உட்காருங்கள். தரையில் உட்கார்ந்தால் பிளாக் போடுவது சரியாகத் தெரியாது. பரவாயில்லை. செருப்பைப் பலகை இடுக்கில் செருகாதீர்கள். பலகை தூக்கிக்கொள்ளும்.

இன்னொன்று, ஜமாப். மேளம் அடித்தால் கேலரியில் இருக்கிறவர்கள் தோளில் கை போட்டுக்கொண்டு ஒரே மாதிரி இடமும் வலமும் ஆடுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும். கேலரிக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. குதித்தால்கூடத் தாங்கும். பக்கவாட்டில் ஆடினால் முட்டுத்தான் தாங்க வேண்டும்.

4. பதினாலுக்குப் பன்னிரண்டு

மில் டீம் இரண்டு செட் எடுத்திருந்தது, வெளியூர் டீம் ஒன்று. நாலாவது செட்டில் மில் டீம் பதினாலுக்குப் பன்னிரண்டு. இன்னும் ஒரு பாயிண்ட்தான். ஜமாப் அடித்தது. மேலே தோள் சேர்த்து ஆடினார்கள். அப்போதுதான் கம்பம் நாலு விரல் சாய்ந்தது.

அந்தக் காலத்தில் சர்வீஸ் போடுகிற டீம்தான் பாயிண்ட் எடுக்க முடியும். எதிர் டீம் ஜெயித்தால் சர்வீஸ் மட்டும் மாறும், பாயிண்ட் ஏறாது. ஒரே பாயிண்டில் கால் மணி நேரம்கூட ஓடும். ஓடாமல் அடுத்த அடியிலேயே முடிந்தாலும் முடியும். முடிந்தால் அறுநூறு பேரும் ஒன்றாக எழுந்து ஆடுவார்கள். அதற்குள் முட்டுக் கொடுத்தாக வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் தெரிந்தது.

விழுகிறது என்று கத்த முடியாது. கத்தினால் எல்லோரும் ஒரே பக்கம் பாய்வார்கள். அப்போது நிச்சயமாக விழும்.

செயலாளரிடம் ஓடினேன். காதில் சொன்னேன்.

"ஆட்டத்த நிறுத்தச் சொல்லுங்க. சும்மா பத்து நிமிசமுங்க."

"இப்பவா? பதினாலுல நிக்குது! நிறுத்துனா கல்லெடுத்து அடிப்பானுகப்பா. நீ கட்டுனது தாங்காதா?"

"முட்டு இல்லீங்க."

"கட்டச் சொன்னேனல்லோ?"

ஜமாப்காரர்களிடம் போனேன். மூத்தவர் பழனியப்பன். அவருக்கும் எனக்கும் பழக்கம். எந்தக் கூட்டத்திலும் அவர் அடிப்பார், நான் கட்டுவேன். கம்பத்தைக் கை காட்டினேன். கேலரி ஆடுகிறது, முட்டு இல்லை என்றேன். அவர் அடிப்பதை நிறுத்தினார். குச்சியைக் கக்கத்தில் வைத்தார்.

மேலே இருந்து சத்தம் வந்தது. "ஏனுங், ஏன் நிறுத்திப்போட்டீங்க? அடிங்க!"

"தோலு எறங்கிப்போச்சு கண்ணு! சூடேத்திக்கிட்டு வாரோம்!"

"இந்த வெயில்லயா எறங்குது?"

"எனக்கும் வயசாச்சல்லோ, மேளத்துக்கு ஆகாதா?"

சிரித்தார்கள். ஜமாப்காரர்கள் நாலு பேரும் மேளத்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வெளியே போனார்கள். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நல்ல தோலைத்தான் காட்டினார்கள்.

மில் டீம் சர்வீஸ் போட்டது. பந்து வலையில் விழுந்தது. சர்வீஸ் மாறியது.

அப்போது டிரைவரைப் பார்த்தேன். ஒன்பதாவது படியில் நடுவில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார். சாவி திருகுவது மாதிரிக் கையைக் காட்டினேன். காரைக் காட்டினேன். அவர் ஒரு விரலைத் தூக்கினார். ஒரு பாயிண்ட் இருக்கிறதாம், முடிந்ததும் வருகிறாராம்.

மாரப்பன் சொன்னான், "காரு நகுராட்டிப் போகுது. காருக்கே முட்டுக் குடு."

பார்த்தேன். சரிதான். கேலரிக்கும் காருக்கும் நடுவே மூன்று முழம் இடைவெளி. காருக்கு அந்தப் பக்கம் சுவர். கார் நகர்ந்தாலும் ஒரு சாண்தான் நகரும்.

முட்டுக் கம்பம் இரண்டும் சுவரோரம் கிடந்தன. அரிவாளால் ஒன்றைத் துண்டு போட்டேன். பச்சைச் சவுக்கு, லேசில் வெட்டுப்படாது. வெளியூர் டீம் ஒரு பாயிண்ட் எடுத்தது. பதினாலுக்குப் பதின்மூன்று. மேலே சத்தம் அடங்கியது. எதிர் டீம் பாயிண்ட் எடுத்ததற்கு நான் சாமி கும்பிட்டேன். உள்ளூர்க்காரன் கும்பிடக் கூடாதுதான்.

முதல் துண்டின் காலை முன் சக்கரத்தில் வைத்தோம். தலையை மூலைக் கம்பத்தில் கட்டினோம். நனைந்த கயிறு இல்லை. மாரப்பன் தோளில் கிடந்த துண்டைத் தண்ணீர் டேங்கில் நனைத்து வந்து முடிச்சின் மேல் பிழிந்தான். சர்வீஸ் மாறியது. மறுபடி இரண்டு தடவை மாறியது. இரண்டாவது துண்டைப் பின் சக்கரத்தில் வைத்தோம். நான் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றினேன். மூன்றாவது சுற்றுப் போடும்போது மேலே இடி இடித்தது.

பதினைந்து. மில் டீம் ஜெயித்துவிட்டது.

மேளம் இல்லாமலே ஆடினார்கள். தெற்கே வந்தது கேலரி. மாரப்பனும் நானும் கம்பத்துக்குத் தோள் கொடுத்தோம். அது அர்த்தமில்லாத வேலை. இரண்டு ஆள் தோள் என்ன செய்யும்? ஆனால் விலகவில்லை. பின் சக்கரத்தில் வைத்த துண்டு வழுக்கியது. போய்க் கார்க் கதவில் குத்தி, தகரத்தை உள்ளே அமுக்கிக்கொண்டு நின்றது. கார் கிரீச்சிட்டது. கேலரி நின்றது. வடக்கே போனது. மறுபடி வந்தது. மறுபடியும் நின்றது.

5. முடியாதுங்க

பரிசு கொடுத்தார்கள். யாரும் இறங்கவில்லை, கோப்பையைப் பார்க்க வேண்டுமே. பரிசு கொடுத்ததும் விருந்தினர் கிளம்பினார். மேட்டுப்பாளையத்தில் இன்னொரு விழாவாம். செயலாளர் முன்னால் வந்தார். கதவைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"யார்றா இது பண்ணுனது?"

"நானுங்க."

"கட்டைய எடு. அவரு போகோணும்."

"முடியாதுங்க."

அப்படி ஒரு சொல்லை அவரிடம் அதுவரை நான் சொன்னதில்லை. அவர் அப்பாவிடமும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

"என்னது?"

"மேல ஆளு இருக்கறாங்க. எல்லாரும் எறங்கோணும். பொறகு எடுக்கறனுங்க."

"ரங்கா, ஆரு கிட்டப் பேசறேன்னு தெரியுதா?"

"தெரியுதுங்க."

மாரப்பன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். விருந்தினர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். குனிந்து முட்டுக் கம்பத்தைப் பார்த்தார். தலையைத் தூக்கி மேலே இருந்த கூட்டத்தைப் பார்த்தார். கதவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"எவ்வளவு நேரமாகும்?" என்றார்.

"அரை மணிங்க."

கமிட்டியில் ஒருவரிடம் மொபட் இருந்தது. விருந்தினர் மாலையைக் கழற்றாமலே பின்னால் ஏறி உட்கார்ந்து போனார்.

செயலாளர் மேடைக்குப் போனார். மைக்கை அவரே வாங்கினார். "கீழ்ப்படிக்காரங்க மொதல்ல எறங்குங்க. அவசரமில்லீங்க. பெரியவங்களக் கையப் புடிச்சு எறக்குங்க. மேல் படிக்காரங்க அவிய போனதுக்குப் பொறகு வாங்க" என்று ஒவ்வொரு படியாகச் சொன்னார். கடைசி ஆள் தரைக்கு வரும்வரை மைக்கை விடவில்லை. கடைசியாக இறங்கியது டிரைவர். கதவைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

நீங்களும் அப்படித்தான் இறங்க வேண்டும். ஜெயித்தாலும் தோற்றாலும் உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள். கீழே இருக்கிறவர்கள் போகட்டும்.

கட்டுகிற ஆட்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அவிழ்க்கச் சொன்னது அவர், அவிழ்த்தது நான். விழுந்திருந்தால் மேலே இருந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் ஒன்றுக்கும் உதவியிருக்காது. அதற்குப் பிறகும் ரொம்ப வருடம் கேலரி கட்டினேன். கட்டின முட்டில் கை வைக்கச் சொன்னால் முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். அதனால் நாலைந்து கமிட்டிக்காரர்கள் எங்களைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். விடட்டும்.