கயிறு கொடுக்காமல் விற்ற மட்டக்குதிரை

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து கூட்டிக் கூட்டித்தான் வரும். ஆனாலும் நான் சொல்ல இன்னொருத்தர் எழுதுவதில் எனக்குச் சம்மதமில்லை. செய்தது நான். அதனால் நானே எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுதுவேன், அவசரம் ஒன்றும் இல்லை.

கரமனையில் ஆற்றுக்குப் போகிற சந்தில் எங்கள் வீடு. முப்பது வருஷத்துக்கு மேலே மாடு வைத்துப் பால் கொடுத்த வீடு. அக்கிரகாரத்து வீடுகளில் காலைக் காப்பிக்கு என் பால்தான். அதில் தண்ணீர் என்று ஒருத்தர் வாயால் வந்தது கிடையாது. மாடு வாங்குவது, விற்பது, கன்று போடும்போது பக்கத்தில் நிற்பது எல்லாம் நான்தான். என் வீட்டுக்காரருக்கு சாலைக் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் வேலை. மாட்டுக்குப் புல் எந்தப் பக்கம் போடவேண்டும் என்று தெரிந்தால் அவருக்கு அதுவே பெரிசு.

முட்டி தேய்ந்துபோய் எனக்கு உட்கார்ந்து கறக்க முடியாமல் ஆனதும் கடைசி மாட்டையும் கொடுத்துவிட்டேன். அதே வருஷம் அவரும் கடையிலிருந்து நின்றார். காலித் தொழுவத்தைப் பார்த்துக்கொண்டு ரெண்டு பேரும் வீட்டில் இருந்தோம். ஒரே ஒரு கன்றுக்குட்டியாவது வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்து மேலப்பாளையம் சந்தைக்குப் போனார். முட்டி வலியில் நான் கூடப் போகவில்லை. சாயங்காலம் மினி லாரி வாசலில் வந்து நின்றது. பின்பக்கத்தைத் திறந்தால் ஒரு மட்டக்குதிரை நிற்கிறது.

"என்னவாக்கும் இது?" என்று கேட்டேன்.

"குதிர."

"அது தெரியுது. கன்னுக்குட்டி எங்க?"

"சந்த ஓரத்துல இது தனியா நின்னுட்டிருந்து. பக்கத்துல போனேன். என் சட்டப்பையில இருந்த பஸ் டிக்கெட்ட எடுத்துத் தின்னுட்டு. பின்னே எப்படி விட்டுட்டு வாறது?"

லாரி ஓட்டி வந்த ஆள் சிரித்தான். "ஆச்சி, வழியில ரெண்டு எடத்துல சாரு இறங்கி இதுக்குப் பழம் வாங்கிக் குடுத்தாரு. அவரு ஒண்ணும் சாப்பிடல்ல" என்றான்.

என் இடுப்பு உயரம்தான் இருக்கும். செம்மண் நிறம். நெற்றியில் சுண்ணாம்பு தொட்டு இழுத்தமாதிரி ஒரு வெள்ளை. பேரெல்லாம் வைக்கவில்லை. "லேய்" என்றால் திரும்பும். அதனால் சந்தில் யாராவது தன் வீட்டுப் பையனை "லேய்" என்று கூப்பிட்டால் முதலில் போய் நிற்பது இதுவாக இருக்கும்.

அது செய்யாத சேட்டை இல்லை. படல் கதவின் தாழ்ப்பாளைப் பல்லால் தூக்கித் திறக்கும். கொடியில் காய்கிற வேட்டியை இழுத்து அதன்மேலேயே படுக்கும். பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலை ஒரு கொப்பு மிச்சம் கிடையாது. ஒருநாள் மெயின் ரோட்டில் போய் கிழக்கேகோட்டை பஸ்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டது. டிரைவர் ஹார்ன் அடிக்க அடிக்க அதுக்குப் பாட்டுக் கேட்கிறமாதிரி காது ஆடுகிறது. கண்டக்டர் இறங்கி வந்து என் வீட்டுக்காரரிடம், "அண்ணாச்சி, இதுக்கும் பாஸ் எடுத்துருங்க" என்றார்.

கட்டிப்போட்டால் முடிச்சை அவிழ்த்துவிடும். அவிழ்க்க முடியாத முடிச்சு போட்டால் கயிற்றையே கழற்றும். மாட்டுக்குக் கொம்பு இருப்பதால் கழுத்துக் கயிறு தலை வழியே வராது. இதுக்கு என்ன இருக்கிறது? காதைப் பின்னால் மடக்கி, தலையைத் தாழ்த்தி, பின்பக்கமாக ரெண்டு எட்டு வைத்தால் கயிறு தரையில் கிடக்கும். நாலு மாசம் இப்படிப் போனபிறகு என் வீட்டுக்காரர் அதன் மூஞ்சியை நூல் வைத்து அளந்து, செருப்புத் தைக்கிறவரிடம் சொல்லி, மூக்குக்கு மேலேயும் காதுக்குப் பின்னாலேயும் வருகிறமாதிரி ஒரு தோல்பட்டை தைத்து வாங்கினார். தாடைக்குக் கீழே ஒரு வளையம், அதில் சங்கிலி. அதிலிருந்து மட்டும் அதால் கழன்றுவர முடியவில்லை. ராத்திரிக்கு மட்டும் மாட்டுவோம், பகலில் தொழுவத்துக்குள் அது இஷ்டம்.

ரெண்டு வருஷம் முன்னால் அவர் போய்விட்டார். பெங்களூரிலிருந்து மகன் வந்து, எல்லாம் முடித்து, என்னைக் கூப்பிட்டான். நான் போகவில்லை. அதுக்குப் பிறகு வீட்டில் நானும் அதுவும்தான். காலையில் எழுந்ததிலிருந்து அதைத் திட்டிக்கொண்டிருப்பேன். "ஒனக்கு எவன்லே சோறு போடுவான்" என்பேன், பழத்தோலையும் நான்தான் கொண்டுபோய்ப் போடுவேன். பேச்சு நின்றுபோன வீட்டில் திட்டுவதற்கு ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று தனியாக இருந்து பார்த்தால்தான் தெரியும்.

மாசியில் ஆற்றுக்கால் பொங்காலை, பெண்டுகள் தெருவிலேயே அடுப்புக் கூட்டி அம்மனுக்குப் பொங்கல் வைக்கிற நாள், அன்றைக்கு எங்கள் சந்து முழுக்க அடுப்பு வரும். ஊர் ஊராக இருந்து ரயில் ஏறி வருகிற பெண்டுகளுக்கு, கேட்காமலே என் முற்றத்தைத் திறந்துவிடுவேன். தண்ணீர், குளிக்க இடம், வெயிலுக்கு மோர் எல்லாம் என் வீட்டில். எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு, மறைக்க ஒன்றும் இல்லை. இந்த வருஷமும் எட்டு அடுப்பு இருந்தது. கொல்லத்திலிருந்து ஒருத்தி வந்திருந்தாள். மகளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷமாகப் பிள்ளை இல்லை, அதுக்கான நேர்ச்சை. பானை பொங்கியாயிற்று. கோவிலிலிருந்து தீர்த்தம் தெளிக்க வரவேண்டும், அதுவரைக்கும் அதைத் தொடக்கூடாது. அவள் கை கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கூட்டத்தில் வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் அவசரத்தில் நான் தொழுவத்துச் சங்கிலியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் காலையிலேயே கழற்றிவிட்டதை மறுபடி மாட்டியிருப்பேன். அது தாழ்ப்பாளைத் தூக்கி, நேராக வெல்ல வாசனைக்கு வந்து, அவள் பானைக்குள் மூஞ்சியை விட்டது. சூடு பட்டதும் தலையை உதறியது. பானை உருண்டு ரெண்டாக உடைந்தது.

அவள் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். உடைந்த பானையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புதுப் பானை, அரிசி, வெல்லம் எல்லாம் என் கையால் எடுத்துக் கொடுத்தேன். "வேண்டா அம்மே. இனி வச்சிட்டெந்தா", இனி வைத்து என்ன என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுப்புச் செங்கல்லைக்கூட எடுக்காமல் எழுந்து போனாள். மீதி ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் முற்றத்தில் வைத்து நடந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே அந்த ஏழு பேர் முன்னால் சொல்லிவிட்டேன், இதை இந்த வீட்டில் இனி வைக்கமாட்டேன் என்று. முட்டி ஆபரேஷனுக்குப் போகவேண்டும், யார் பார்ப்பார்கள் என்று மகனும் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் அதெல்லாம் காரணம் இல்லை. சொன்ன சொல்தான் காரணம்.

சங்குமுகம் கடற்கரையில் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி நடத்துகிற ஒருவன் கேள்விப்பட்டு வந்தான். நாற்பது வயசு இருக்கும், பேச்சில் பாதி மலையாளம். முரடன் இல்லை. குளம்பைத் தூக்கிப் பார்த்தான், பல்லைப் பார்த்தான், தடவிக் கொடுத்தான். பிறகு என்னிடம் வந்து நின்றான்.

"அம்மா, ஞான் நேரே கேக்கேன். இதுக்கு ஏதாவது கொறவு உண்டோ? கடிக்குமோ? அறுத்துட்டு ஓடுமோ?"

நான் சொன்னேன்: "என் தொழுவத்துல இருந்து எறங்குன உருப்படியில கொறை சொல்லிட்டு எவனும் திரும்பி வந்ததில்ல."

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். அவனுக்கு அது பதிலாகப் பட்டது. பணத்தை வெற்றிலையில் வைத்துக் கொடுத்தான், முந்தானையில் வாங்கினேன்.

எங்கள் பக்கத்தில் மாடு விற்றால் கயிறு கொடுக்கமாட்டோம். வாங்குகிறவன் தன் கயிறு கொண்டுவந்து மாட்டிக் கூட்டிப்போகவேண்டும். நம் கயிறு போனால் தொழுவத்து லட்சுமியும் கூடவே இறங்கிவிடும் என்பார்கள். எத்தனை மாடு விற்றிருப்பேன், ஒரு முழம் கயிறு என் வீட்டை விட்டுப் போனதில்லை. அன்றைக்கும் கை தன்னால் போய்த் தோல்பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டது. அவன் கொண்டுவந்த நைலான் கயிற்றைக் கழுத்தில் கட்டினான். அது கழன்றுவரும் என்று எனக்குத் தெரியும். சொன்னால் குறை சொன்னமாதிரி ஆகும். சொல்லவில்லை. அது போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தது என்று எழுதினால் பொய். ஓட்டுகிறவனுடைய சட்டைப்பையைத்தான் மோந்துகொண்டே போனது.

நாலாம் நாள் பகல் பன்னிரண்டு மணி இருக்கும். அடுக்களையில் இருந்தேன். தாழ்ப்பாள் தூக்குகிற சத்தம். ஓடமுடியாத காலோடு ஓடினேன். தொழுவத்தில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நிற்கிறது. கழுத்தில் நைலான் அறுத்த தடம் சிவப்பாக இருக்கிறது. முன்னங்கால் முட்டியில் தோல் உரிந்து, ரத்தம் குளம்பு வரைக்கும் வழிந்து காய்ந்திருக்கிறது. கடற்கரையிலிருந்து கரமனைக்கு எத்தனை ரோடு, எத்தனை பஸ். எப்படித் தாண்டியதோ. தொட்டியில் தண்ணீர் இல்லை. நான் வாளியைக் கொண்டுபோனதும் முழுவதையும் குடித்துவிட்டு, ஈர மூஞ்சியை என் சேலையில் துடைத்தது.

"வந்துட்டியா லேய்" என்றேன்.

மஞ்சள் அரைத்துக் காலில் போட்டுக்கொண்டிருக்கும்போது அவன் ஆட்டோவில் வந்து இறங்கினான். காலையிலிருந்து தேடியிருக்கிறான், சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. சத்தம் போடுவான் என்று நினைத்தேன். போடவில்லை.

"இது மூணாவது தடவையா கழத்துது அம்மா. இன்னைக்கு ஒரு சேச்சியோட ஸ்கூட்டர்ல போய் இடிச்சுது. பாவம், கை ஒடிஞ்சு போச்சு. ஒங்ககிட்ட ஞான் கேட்டேன் இல்லே?"

நான் மஞ்சள் போட்டுக்கொண்டே இருந்தேன். நிமிர முடியவில்லை.

"இனி முன்காலு ரெண்டையும் சேத்துத் தளை போட்டுத்தான் நிறுத்தணும். வேற வழியில்ல" என்றான்.

தளை போட்ட உருப்படியை நான் பார்த்திருக்கிறேன். தத்தித் தத்தித்தான் நகரும். அந்த உரிந்த முட்டியோடு அப்படி நிற்கப்போகிறது. அப்போது நான் வேறு ஒன்று சொல்லியிருக்கலாம். இது இங்கேயே நிற்கட்டும், உன் பணத்தை எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்கலாம். அவன் சந்தோஷமாகப் போயிருப்பான். பணம் அப்படியே அலமாரியில் இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் என்னை நானே கேட்கிறேன். ஏழு பேர் முன்னால் சொன்ன சொல். விற்றதைத் திரும்ப வாங்கினாள் என்று சந்தில் பேச்சு வரும். இதுக்காகத்தான். இவ்வளவு சின்னதுக்காகத்தான்.

எழுந்து போய் ஆணியிலிருந்து தோல்பட்டையை எடுத்தேன். "தளை போடாத. இது போட்டா கழத்தாது. அவுக தச்சு வாங்குனது" என்றேன்.

அவன் கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை, நானே மாட்டினேன். ராத்திரி தூங்கப் போகும்போதுதானே அதை மாட்டுவோம். அதனால் அது இங்கேயே இருக்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டது. தலையைத் தானாகத் தாழ்த்தி மூக்கை உள்ளே விட்டது. ஒரு நாளும் அப்படி லேசாக விட்டதில்லை, எப்போதும் ரெண்டு தடவையாவது தட்டிவிட்டுத்தான் விடும். காதுக்குப் பின்னால் வாரை இறுக்கிவிட்டுச் சங்கிலியை அவன் கையில் கொடுத்தேன்.

படல் தாண்டும்போதுதான் அதுக்குப் புரிந்தது. நாலு காலையும் ஊன்றி நின்றது. காதை மடக்கி, தலையைத் தாழ்த்தி, பின்பக்கமாக ரெண்டு எட்டு வைத்தது. பட்டை கழலவில்லை. மறுபடி பார்த்தது. அவன் அடிக்கவில்லை, காத்திருந்தான். "போ லேய்" என்று நான்தான் சொன்னேன். போய்விட்டது.

ஆபரேஷன் ஆயிற்று. இப்போது நடக்கிறேன். கடற்கரைப் பக்கம் போகவில்லை. போன வாரம் பக்கத்து வீட்டுக்காரி பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்து, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள்: "ஆச்சி, ஒங்க குதிரயப் பாத்தேன் கேட்டியளா. என்ன ஒரு சாது. கொச்சு புள்ளைங்க எல்லாம் வாலப் புடிச்சு இழுக்கு, அசையல்ல. இப்படி ஆவும்னு யாரு நெனச்சா?"

என்னை ஆறுதல் பண்ணத்தான் சொன்னாள். முப்பது வருஷம் மாட்டோடு இருந்தவளுக்குத் தெரியாதா, துள்ளிக்கொண்டிருந்த ஒரு உருப்படி எப்போது அசையாமல் நிற்கும் என்று. தீனி எடுக்கிறதா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அவள் என்ன பதில் சொல்வாளோ என்று பயந்து கேட்கவில்லை. "நல்லது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.