நாகஜோதி திருப்பிக் கொடுத்த ரவை

ரவைப் பொட்டலத்தைத் தலைகீழாகக் கவிழ்க்கிறார் நாகஜோதி. பிறகு வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, இப்படி ஒருமுறை, அப்படி ஒருமுறை திருப்புகிறார். பலகைக்கு அந்தப் பக்கம் மளிகைக்கடை நஜீமுதீன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவசரப்படுத்திப் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும். பொட்டலம் தேறினால் “சரி, போடுங்க” என்பார் நாகஜோதி. தேறாவிட்டால் ஒரு வார்த்தை பேசமாட்டார். பலகைமேல் வைத்து, சுட்டுவிரலால் அரை அடி தள்ளிவிடுவார். வேறு பொட்டலம் வரும்.

பனியன் கம்பெனியில் டேமேஜ் பீஸைத் தள்ளுவதும் இதே விரலால்தான். எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் அவருக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையின் கழுத்துக்குள் இரண்டு கைகளையும் விட்டு விரித்து, டியூப்லைட்டின் கீழ் ஒரு சுற்றுச் சுற்றுவார். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எது கண்ணில் பட்டாலும் அதன்மேல் ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். பக்கத்து மேசைப் பெண்ணிடம் குடும்பக் கதை முழுக்கப் பேசிக்கொண்டேதான் இது நடக்கும். “வாய் அதும்பாட்டுக்குப் பேசும், கண்ணு அதும்பாட்டுக்குப் பாக்கும். ரெண்டுக்கும் சம்பந்தமில்லை” என்பார்.

அந்த ஸ்டிக்கர்களில் சில எப்போதும் அவருடைய பர்ஸில் இருக்கும். கணவர் வீரணனின் சட்டையில் பட்டன் அறுந்த இடத்தில் ஒன்று ஒட்டப்பட்டு, அவர் அதை அறியாமல் டீக்கடைவரை போய்வந்ததுண்டு. வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விரிசல் விழுந்தபோது அங்கேயும் ஓர் அம்பு முளைத்தது. வாடகை வாங்க வந்த வீட்டுக்காரம்மா கண்ணம்மாள் அதைப் பார்த்துவிட்டு, “ஏனுங் ஜோதி, என்ற ஊட்டுக்கே டேமேஜ் போட்டுட்டீங்ளா” என்று கேட்டார். மறுநாளே கொத்தனார் வந்துவிட்டார். அதே லைனில் கடைசி வீடு என்னுடையது. என் கதவில் இதுவரை அம்பு எதுவும் ஒட்டப்படவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

நாகஜோதிக்கும் வீரணனுக்கும் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்தவர்கள். வீரணன் அயர்ன் மாஸ்டர். அதிர்ந்து பேசாத மனிதர். கடைக்கு மட்டும் அவரை அனுப்புவதில்லை. “அந்த மனுசன் குடுத்ததை வாங்கிக்கிட்டு, நல்லாருங்கண்டு சொல்லிட்டு வந்துருவாரு” என்பது நாகஜோதியின் புகார். குள்ளமான உருவம், வேகமான நடை, ஏற்றிச் செருகிய சேலை. தெருவில் அவர் வரும்போதே காய்கறி வண்டிக்காரர் வாடிய கத்தரிக்காயைக் கூடையின் அடிக்குத் தள்ளிவிடுவார். “இல்லாத வீட்லதான் பெறந்தேன். ஆனா எங்காத்தா எங்களுக்கு அழுகினதை ஆக்கிப் போட்டதில்லை” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். சொல்லும்போது கழுத்து ஓர் அங்குலம் உயர்ந்தது.

அப்படிப்பட்டவருக்கு இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு ஊரடங்கு ஒரு புதுச் சட்டம் போட்டது: எதையும் தொடக் கூடாது.

கம்பெனிகள் மூடிக் கிடந்தன. தறிச் சத்தமும் தையல் சத்தமும் இல்லாத திருப்பூரை யாரும் அதற்குமுன் கேட்டதில்லை. நஜீமுதீன் கடை வாசலில் குறுக்கே கயிறு கட்டிவிட்டார். தெருவில் சுண்ணாம்பு வட்டங்கள். ஆளுக்கு ஒரு வட்டம். உள்ளே அலமாரிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. லாரி வந்தால் சரக்கு, வராவிட்டால் இல்லை. இருப்பதை அளவாகப் பையில் கட்டி, கயிற்றுக்கு மேலாக நீட்டுவார். வீட்டுக்கு ஒருவர் என்று எல்லோரும் போய்க் கூட்டம் சேர்க்க வேண்டாம், ஒரே ஆள் போகட்டும் என்று எங்கள் லைனில் முடிவானது. யார் என்று விவாதிக்கவே தேவைப்படவில்லை. பனியன் துணியில் தைத்த மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, இரண்டு தோளிலும் பைகளோடு நாகஜோதி தினமும் காலையில் கிளம்பிப் போவார். கம்பெனிக்குப் போவதைவிட நிமிர்ந்து போவார்.

லைனில் அவருக்கு அடுத்த வீடு ரோஸ்மேரியுடையது. தூத்துக்குடிக்காரப் பெண். கணவன் வேலையாக ஓசூர் போனவன் அங்கேயே மாட்டிக்கொண்டான். கையில் எட்டு மாதக் குழந்தை. ரவைக் கஞ்சிதான் அதன் ஆகாரம். டப்பா மாவு எந்தக் கடையிலும் இல்லை, ரவையும் தீர்ந்து நான்கைந்து நாளாகிவிட்டது. அரிசியை உடைத்து நொய்க்கஞ்சி கொடுத்தால் குழந்தை துப்பிவிடுகிறது. அந்த அழுகை லைன் முழுக்கக் கேட்கும்.

அன்று காலை ஒரு மினி லாரி வந்தது. ரவை வந்துவிட்டது என்று தெருவே வட்டங்களில் வந்து நின்றது. நாகஜோதியின் முறை வந்தது. நஜீமுதீன் பையை நீட்டினார். வாங்கியவர் இரண்டடி நகர்ந்து, வெயிலில் பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்தார். பிறகு ஓரத்தைப் பல்லால் கடிக்கப்போய், மாஸ்க் நினைவு வந்து, நகத்தால் கீறினார். உள்ளே ரவை கட்டி கட்டியாக இருந்தது. கட்டிகளைச் சுற்றி நூலாம்படைபோல மெல்லிய இழை. ஒரு புழு நெளிந்தது.

“நஜீம் பாய், இதை மாத்திக் குடுங்க.”

“மாத்த வேற இல்லைக்கா. வந்ததே இந்த ஒரு லோடுதான். புது ஏஜென்ட், பழைய ஸ்டாக்கைத் தள்ளிட்டான் போல. சலிச்சு, நல்லா வறுத்திருங்க. சரியாயிரும்.”

“எட்டு மாசப் புள்ளைக்குப் பாய்.”

“எனக்கும் தெரியுதுக்கா. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க.”

அடுத்த வட்டத்தில் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் பொறுமை இழந்தார். “ஏனுங்க, உங்களுக்கு வேண்டாம்னா தள்ளிப் போங்க. கெடைக்கறதே பெரிசுன்னு நாங்க நிக்கறோம். இந்த நேரத்துல நல்லது கெட்டது பாத்துட்டு.” பின்னாலிருந்தும் இரண்டு மூன்று குரல்கள் அதையே சொல்லின.

நாகஜோதி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பர்ஸைத் திறந்தார். சிவப்பு அம்பு ஒன்றை எடுத்து, புழு நெளிந்த இடத்துக்கு நேரே உறைமேல் ஒட்டினார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த முக்காலியில் பொட்டலத்தை வைத்தார்.

“பாய், இது பஞ்ச காலம்டு எனக்கும் தெரியும். இல்லேன்னா இல்லேண்டு சொல்லுங்க, சும்மா போயிருவேன். கெட்டதை எடுத்து வச்சுக்கிட்டு இருக்குண்டு சொல்லாதீங்க.”

 வெள்ளைச் சட்டைக்காரர் கையை நீட்டியபடி நின்றார். ஒரு கணம் தயங்கி, அவருக்கு வேறொரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார் நஜீமுதீன். வரிசை நகர்ந்தது. நாகஜோதி வெறும் பைகளோடு திரும்பினார்.

லைனில் அவரை யாரும் பாராட்டவில்லை. எதிர்வீட்டு முத்துப்பேச்சி இடுப்பில் கைவைத்துக் கேட்டார்: “ஊரே வாங்கிட்டுப் போவுது. ஒங்க கௌரவத்துக்கு நாங்க வயித்தைக் காயப் போடணுமாக்கும்? உங்களை வாங்கத்தான அனுப்புனோம். பரீட்சை வைக்கவா அனுப்புனோம்?” சொன்ன கையோடு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு தானே கடைக்குப் போய், இரண்டு பொட்டலங்களை வாங்கிவந்தார்.

ரோஸ்மேரி வாசலுக்கு வந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, “பரவால்லக்கா” என்றாள். முத்துப்பேச்சியின் சத்தத்துக்கு அசையாத நாகஜோதி அந்த ஒரு வார்த்தைக்கு முகம் மாறிப் போனார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வீரணன் மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தார். “உள்ள அழுதுக்கிட்டு இருக்காங்களா?” என்று அவரிடம் மெதுவாகக் கேட்டேன். “யோசனை பண்ணுறா” என்றார்.

யோசனையின் விடை மறுநாள் காலை வெளியே வந்தது. “கடைக்காரக கிட்ட இல்லைன்னா ஊர்லயே இல்லைண்டு அர்த்தமா? ஆக்கிப்போடுறவக கிட்ட இருக்கும்ல” என்று கேட்டுக்கொண்டே சேலையைச் செருகினார். அவருடைய முதலாளி வீட்டுக் கல்யாணம் பங்குனியில் நடந்திருக்க வேண்டியது. நின்றுபோனது. அதற்குச் சமையல் பேசியிருந்தவர் மங்கலம் ரோட்டில் குடியிருக்கும் அய்யாசாமி. பங்குனி, சித்திரை முகூர்த்தங்களை நம்பி அவர் முன்கூட்டியே சாமான் வாங்கிப் போட்டிருப்பார் என்பது நாகஜோதியின் கணக்கு.

வழியில் போலீஸ்காரர் ஒருவர் மறித்தாராம். “எங்கம்மா போற?” “ரவை வாங்க.” “இந்தப் பக்கம் கடையே கெடையாதே.” “அதுனாலதான் சார் போறேன்.” அவருக்கு அது புரிந்ததோ இல்லையோ, வழிவிட்டுவிட்டார்.

அய்யாசாமி பெரிய உடம்புக்காரர். வேலை இல்லாத கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். உள்ளறையில் மூட்டைகள் அடுக்கியபடியே இருந்தன. அரிசி, துவரம்பருப்பு, ரவை. ஆனால் கேட்டதும் தலையை ஆட்டினார். “நா ஆக்கறதுக்கு வெச்சிருக்கறனுங்க, விக்கறதுக்கு இல்லீங்க. இத்தனை வருசத்துல யார்த்துக்கும் அளந்து வித்ததில்லீங்க.”

“அப்ப யாருக்கு ஆக்கப் போறீங்க?” என்று கேட்டார் நாகஜோதி.

அய்யாசாமி மூட்டைகளைப் பார்த்தார். “அதுதானுங்க தெரியல.”

“வாங்கின விலைக்குக் குடுங்க. உங்க சாமான் கெடாது. ஒரு பச்சைப்புள்ள கஞ்சி குடிக்கும்.”

கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தவர், ஆகட்டும் என்றார். உடனே நாகஜோதி மூட்டையை அவிழ்த்து முழங்கைவரை உள்ளே விட்டார். அடியிலிருந்து ஒரு கை ரவை அள்ளி, வெளிச்சத்துக்கு வந்து, விரலால் கிளறி, முகர்ந்து பார்த்தார். இரண்டாவது மூட்டையும் தேறியது. மூன்றாவது சுவரோரம் ஈரம் ஏறியிருந்தது. அதைச் சுட்டுவிரலால் காட்டி, “இது வேணாம்” என்றார்.

அய்யாசாமிக்குக் கோபம் வந்து பாதியில் சிரிப்பாகிவிட்டது. “சும்மா குடுத்தாலுமே பாத்துத்தான் வாங்குவீங்களாட்ட இருக்குதுங்க.”

“சும்மா குடுத்தா இன்னும் நல்லாப் பாப்பேன்.”

ரோஸ்மேரிக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் வீடு திரும்பியிருக்கலாம். நேராக நஜீமுதீன் கடைக்குப் போனார். கடை பாதி சாத்தியிருந்தது. உள்ளே நஜீமுதீன் மீதிப் பொட்டலங்களையெல்லாம் அறுத்து ஒரு சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள் அம்பு ஒட்டிய பொட்டலம் முக்காலியிலேயே இருந்தது.

“எல்லாத்துலயும் இருந்துச்சுக்கா” என்றார் நிமிராமலே. “வாங்கினவங்களுக்குப் போன் போட்டுக் கொட்டிரச் சொல்லிட்டேன். எனக்கு ராத்திரி சோறு எறங்கலை.”

“அதை அப்புறம் பேசிக்கிருவோம். உங்க லோடு ஆட்டோவுக்குப் பாஸ் இருக்குல்ல, எடுங்க.”

மத்தியானத்துக்குள் மூட்டைகள் கடைக்கு வந்துவிட்டன. சாயங்காலம் ரோஸ்மேரி வீட்டிலிருந்து ரவை வறுக்கும் வாசனை வந்தது. லைனில் எல்லோரும் அவரவர் வாசலில் நின்றோம். யாரும் வெளிப்படையாக எதற்கும் காத்திருப்பதுபோலக் காட்டிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் ரோஸ்மேரி காலிக் கிண்ணத்தை வெளியே கொண்டுவந்து, கழுவாமல் அப்படியே நாகஜோதியிடம் காட்டினாள். “முழுசும் குடிச்சிட்டாக்கா” என்றாள். நாகஜோதி கிண்ணத்தை வாங்கி ஓரம் நடுவெல்லாம் பார்த்துவிட்டு, “ம்” என்று திருப்பிக் கொடுத்தார். அந்த “ம்” எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கம்பெனியில் ஒரு முழு ஆர்டரும் ஒரு டேமேஜ் இல்லாமல் கப்பலேறினால்கூட அவர் அப்படிச் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம்.

முத்துப்பேச்சி வாங்கிய இரண்டு பொட்டலங்களும் குப்பைக்குப் போயிருந்தன.  ஒரு எவர்சில்வர் தூக்கைக் கொண்டுவந்து நாகஜோதி வாசலில் வைத்தார் முத்துப்பேச்சி. “நாளைக்கு எனக்கும் சேத்து நீங்களே பாத்து வாங்கிருங்க” என்று, வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்.

அடுத்த நாள் நானும் துணைக்குப் பை தூக்கிக்கொண்டு போனேன். நல்ல ரவை வந்த செய்தி பரவி, வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது. எங்களைக் கண்டதும் தலைகள் திரும்பின. முன்வரிசையில் நின்ற அந்த வெள்ளைச் சட்டைக்காரர் தன் வட்டத்திலிருந்து வெளியே வந்து, “வாங்க, இங்க நில்லுங்க” என்று இடம் காட்டினார். கயிற்றுக்கு அப்பாலிருந்து நஜீமுதீனும் கைகாட்டி அழைத்தார். “அக்கா, நீங்க எதுக்கு நிக்கணும்? முன்னால வாங்க.”

நாகஜோதி அவருக்கு ஒரு தலையசைப்பு. வெள்ளைச் சட்டைக்காரருக்கு ஒன்று. ஒவ்வொரு வட்டமாகக் கடந்து தெருமுனை திரும்பி, சுண்ணாம்பு பாதி அழிந்துபோன கடைசி வட்டத்துக்குப் போனார். மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றிவிட்டு, தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி, அந்த வட்டத்துக்குள் நேராக நின்றார்.