முக்பிலின் மனதில் இருந்தது

கெய்ரோவில் ஸுவைலா கோட்டைவாசலை ஒட்டிய சந்துகளில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் மணப்பெண்ணுக்குத் தலை வாரி மருதாணி இடுவது சுதய்தாதான். கை சுத்தம். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவள் கணவன் முக்பில் ஒட்டகத்தில் நைல் தண்ணீர் சுமந்து வந்து வீடு வீடாக ஊற்றுபவன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஆள்.

ஒருநாள் மதியம் அவன் வேலை முடிந்து வந்தபோது அடுப்பே மூட்டியிருக்கவில்லை. கல்யாண வீட்டிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த சுதய்தா, தன் அண்ணன் இதற்கெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டான் என்று ஆரம்பித்தாள்.

"அப்போ உன் அண்ணன் வீட்டுக்கே போ" என்றான் முக்பில்.

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு நுஸ்ஹா இறங்கி ஓடி வந்தாள். பிறந்த வீட்டுக்குப் போ என்று புருஷன் சொல்லிவிட்டால் அது தலாக், இனி ஒரே கூரையின்கீழ் இருப்பது பாவம் என்றாள். முக்பிலுக்கு முகம் வெளுத்துவிட்டது. சுதய்தா சீப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். அங்கே போயும் அவளுக்கு அழுகை வரவில்லை. அந்த மனுஷன் சாப்பிட்டிருப்பானா என்பதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை அண்ணன் இருவரையும் காஜியிடம் அழைத்துப் போனான். தலாக் என்ற சொல்லையே சொன்னாயா என்று காஜி கேட்டார். இல்லை என்றான் முக்பில். இரண்டு அர்த்தம் வரும் பேச்சுக்கு, சொன்னவன் எந்த எண்ணத்தில் சொன்னான் என்பதை வைத்துத்தான் தீர்ப்பு என்றார் அவர்.

"சொல்றப்போ உன் மனசுல என்னப்பா இருந்துச்சு?"

முக்பில் தலையைச் சொறிந்தான். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது சுதய்தாவுக்குத் தெரியும். அதனாலேயே அவளுக்குப் பயமாக இருந்தது.

"மனசுல ஒண்ணும் இல்லீங்க. வயித்துல பசிதான் இருந்துச்சு."

காஜியின் எழுத்தர் தாடிக்குள் சிரித்தார். மனைவியை விலக்கும் எண்ணம் இருக்கவில்லை என்று காஜி சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"தலாக் ஆகலை. கூட்டிக்கிட்டுப் போ."

வெளியே வந்ததும் சுதய்தாவின் வாய் திறந்துகொண்டது.

"இனிமே கோவம் வந்தா என்னைப் போகச் சொல்லாதீங்க. நீங்க ரொட்டிக் கடைக்குப் போங்க."

"சரி" என்றான் அவன்.

அதன்பிறகு அவன் பருப்பு வேகவைக்கப் பழகினான். உப்பு ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. கல்யாண வீடுகளில் சுதய்தா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். வீட்டில் மட்டும், வாய் பேசாமல் வழித்துச் சாப்பிடுவாள்.