பின்கதவு வைத்த டாங்கி

நான் எத்தனையோ வண்டி ஓட்டியிருக்கிறேன். எந்த லைசென்ஸிலும் அடங்காத வண்டி ஒன்றே ஒன்றுதான். அது டாங்கி. பட்டாளத்து டாங்கி இல்லை, பாலவனத்தத்தில் ஒரு மாட்டுக்கொட்டத்தில் தகரம் அடித்துச் செய்த டாங்கி. அதைத் திருச்சுழி தாண்டி, நரிக்குடி போகிற வழியில் உள்ள ஒரு குலசாமி கோயில் வரைக்கும் ஓட்டிப் போனேன். திரும்பியும் வந்தேன். இரண்டுக்கும் நடுவில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

அப்போது வடக்கே போர்வெல் லாரியில் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்ட நாளிலிருந்து எந்த ஊரிலும் எனக்குக் கால் நின்றதில்லை. போர்வெல்லில் இடதுகை விரல் நுனி போனது, அதோடு வேலையும் போனது. பாலவனத்தத்தில் வாடகைக்கு ஓடும் ஒரு குட்டியானை லோடு வண்டிக்கு டிரைவர் ஆனேன். படுக்கையும் அதிலேயே. வண்டிக்குச் சொந்தக்காரர் பட்டாளத்தில் டாங்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். ராஜஸ்தானில் ஒருதடவை கூட்ஸ் ரயிலில் டாங்கிகள் போனதைப் பார்த்தேன் என்று சொன்னேன், அதற்காகவே என்னைச் சேர்த்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் எத்தனை சக்கரம் இருந்தது என்று கேட்டார். எண்ணவில்லை என்றேன். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவர் முகம் சரியில்லை.

அவர் தங்கையைக் கட்டியவரும் பட்டாளம்தான். ஆனால் காலாட்படை, அதிலும் டாங்கியை அடிக்கிற ஏவுகணைப் பிரிவு. ஒருவர் காலமெல்லாம் டாங்கிக்குள் உட்கார்ந்தவர், மற்றவர் காலமெல்லாம் டாங்கியைக் குறிபார்த்தவர். இரண்டு பேரும் ஒரே நாட்டுப் பட்டாளம்தானே என்று ஒருநாள் டாங்கிக்காரரிடம் கேட்டேன். விவரம் தெரியாமல் பேசாதே என்றார்.

மாப்பிள்ளை விடுகிற ஏவுகணைக்குப் பின்னால் நூல் மாதிரி கம்பி ஓடுமாம். அது போய் அடிக்கிறவரைக்கும் விட்டவர் கண்ணை எடுக்காமல் குறியிலேயே இருக்க வேண்டுமாம். டாங்கிக்காரர் அதைப் பட்டம் விடுகிற வேலை என்பார். சாமான் விலை கூடினது என்பதால் சர்வீஸ் முழுக்க மாப்பிள்ளை நிஜமாக விட்டது ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் மிஷினில் பழகினது என்றும் சொல்லிக்காட்டுவார். மாப்பிள்ளையும் சும்மா இல்லை. மச்சான் பாலைவனத்தில் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து அவிந்தவுக, அதனால்தான் இன்னும் சூடு ஆறவில்லை என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

இந்தப் பேச்சோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. ஏதோ தேசத்துச் சண்டையில் எடுத்த வீடியோ ஒன்று மாப்பிள்ளை போனுக்கு வந்தது. குட்டி டிரோன் ஒன்று மேலேயிருந்து இறங்குகிறது, டாங்கியின் தலை குக்கர் மூடி மாதிரி ஆகாயத்துக்குப் போகிறது. அவர் அதைக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டு, ‘மச்சானுக்குச் சமர்ப்பணம்’ என்று எழுதிவிட்டார். மச்சான் குரூப்பை விட்டு வெளியேறினார். தீபாவளிக்குப் போகவில்லை, பொங்கலுக்குச் சீர் கொண்டுபோகவில்லை.

இதில் மாட்டிக்கொண்டது தங்கை மகளின் காது. அவர்கள் வழக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்துவிட்டது, காது வெறுமையாக இருந்தது. ஒன்றுவிட்ட அண்ணன்கள் இருக்கிறார்களே என்று ஊரில் சொன்னதற்கு, கூடப்பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தர் மடி எதற்கு என்று அந்த அம்மா கேட்டாராம். ஒருநாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பாலவனத்தத்துக்கே பஸ் ஏறி வந்துவிட்டார். நான் வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை இரண்டு காதிலும் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. கம்மல் என்று சொன்னது. டாங்கிக்காரர் ரொம்ப நேரம் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாரேன். ஆனா டாங்கியிலதான் வருவேன்” என்றார்.

தங்கை, எதில் வேண்டுமானாலும் வா என்று சொல்லிவிட்டுப் போனார். அது பேச்சுக்குச் சொன்னது என்றுதான் நினைத்திருப்பார். அடுத்த வாரம் அருப்புக்கோட்டை பழைய இரும்புக் கடையிலிருந்து தகரம் வந்து இறங்கியது.

குட்டியானையைச் சுற்றிலும் தகரம் அடித்தோம். மேலே தண்ணீர்த் தொட்டியைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தோம். முன்னால் பைப்பை நீட்டினோம். பச்சை பெயிண்ட் அடித்தோம். பின்பக்கம் ஒரு கதவு வைத்தால் சீர்த்தட்டு ஏற்றி இறக்கத் தோதாக இருக்கும் என்று வெல்டர் சொன்னார். டாங்கிக்கு எவனாவது பின்னால் கதவு வைப்பானா என்று டாங்கிக்காரர் அவரைத் துரத்தாத குறை. ஏறுவதும் இறங்குவதும் தலைவாசல் வழியாகத்தான், அதாவது உச்சியில் உள்ள ஓட்டை வழியாக. அதற்கும் மேலே கம்பி நட்டு, ஆட்டுக்கிடைக்குக் கட்டும் நைலான் வலையைப் போர்த்தினார். இப்போது எல்லா டாங்கிக்கும் இப்படித்தான் கூண்டு போடுகிறார்களாம். மாப்பிள்ளை வந்தால் மேலேயிருந்துதான் வருவார் என்றார்.

காதுகுத்து அன்று ஏணி வைத்து அவர் உள்ளே இறங்கினார். பழைய யூனிபாரம், தொப்பி, மெடல் எல்லாம் இருந்தது. காலடியில் சீர்த்தட்டு. நான் சீட்டில் உட்கார்ந்ததும் வெளியேயிருந்து தகரத்தை மூடி ஸ்க்ரூ முடுக்கினார்கள். எனக்குப் பார்க்க ஒரு கோடு மாதிரி ஓட்டை. கேபினின் பின்கண்ணாடியைக் கழற்றிய இடத்தில் அவர் ஒரு கம்பை நுழைத்திருந்தார். என் இடது தோளில் குத்தினால் இடது, வலது தோளில் குத்தினால் வலது. ஏணி கொட்டத்திலேயே கிடந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை.

அருப்புக்கோட்டைக்குள் போகாமல் சுற்றிப் போகலாம் என்றேன். இரண்டு தோளிலும் குத்து விழுந்தது. பஸ் ஸ்டாண்டு வழியாகவே போனோம். போட்டோ எடுக்க வந்தவர்கள் விட்டு விலகவே நேரமாகிவிட்டது. தங்கையிடமிருந்து போன் வந்தபடி இருந்தது. ஆசாரி வந்துவிட்டார், நல்ல நேரம் முடியப்போகிறது, எங்கே வாரே என்று. உள்ளே வெயிலும் சைலன்சர் சூடும் சேர்ந்து, பலகாரத் தட்டிலிருந்த லட்டு உருக ஆரம்பித்திருந்தது.

கோயிலுக்குக் கண்மாய்க்கரை வழியாகப் போகவேண்டும். கரையில் ஏறியதும் மேளம் கேட்டது. அதோடு இன்னொரு சத்தம், தேனீக்கூட்டம் மாதிரி. அந்த ஓட்டை வழியாகப் பார்த்தேன். டிரோன் ஒன்று எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. கல்யாண வீடுகளுக்கு வருகிற போட்டோக்காரருடையது. கீழே ஒரு கூடை தொங்கியது.

கூடையில் இருந்தது ரோஜா இதழ் என்பது பிறகுதான் தெரியும். மச்சானை மரியாதையாக வரவேற்க மாப்பிள்ளை செய்த ஏற்பாடாம். நல்ல மனதோடுதான் செய்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அந்த வீடியோவைப் பார்த்தவருக்கு மேலே இருந்து டிரோன் இறங்கினால் எப்படி இருக்கும் என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

“திருப்புய்யா வண்டிய. வீட்டுக்குப் போறோம்” என்றார் டாங்கிக்காரர்.

கரையில் எங்கே திருப்புவது? ரிவர்ஸ் எடுத்தேன். எனக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது, அவருக்கு மேலே பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. பின்சக்கரம் கரையை விட்டு இறங்கி, வண்டி மெல்லச் சரிந்து சீமைக்கருவேலப் புதருக்குள் போய்ப் பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. டிரோனும் விடவில்லை, பூவைப் போட்டே தீருவேன் என்று இறங்கி வலையில் சிக்கியது. அதன் காற்றாடி வலையைச் சுருட்ட, வலை முள்ளை இழுக்க, தலைவாசல் முழுக்க முள்ளும் நைலானுமாக மூடிக்கொண்டது. ஓட்டை வழியாக ரோஜா இதழ் மட்டும் உள்ளே விழுந்தது. அவர் தொப்பியில் இரண்டு ஒட்டியிருந்தது.

என் கதவை ஸ்க்ரூ போட்டு மூடியிருந்தார்கள். நானும் பின்கண்ணாடி ஓட்டை வழியாக ஊர்ந்து அவரோடு போய் உட்கார்ந்தேன். வெளியே ஆள் கூடிவிட்டது. நம்ம வலை டிரோனைப் பிடித்துவிட்டது பார்த்தாயா என்றார் அவர். பார்த்தேன் என்றேன்.

தகரத்தில் யாரோ விரலால் தட்டினார்கள்.

“மச்சான், இருக்கீகளா?”

“இருக்கேன்.”

“பின்பக்கத்தைக் கத்தரிச்சு எடுத்துர்றேன். அங்கதான் மெலிசு.”

“பின்பக்கத்துல கை வச்சீகன்னா நான் வெளியவே வரமாட்டேன், மாப்பிள்ளை. டாங்கியத் திறந்தேன்னு இந்த ஜென்மம் பூரா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவீக.”

வெளியே மேளத்தை நிறுத்திவிட்டார்கள். பிறகு தங்கையின் குரல் கிட்டத்தில் கேட்டது. அழுகை இல்லை, கோபமும் இல்லை. கடையில் சாமான் கேட்கிற மாதிரி கேட்டார்.

“அண்ணே, நீ உள்ளயே இரு, பரவால்ல. எனக்கு உன் மடி மட்டும் போதும்.”

டாங்கிக்காரர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். இதழ் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் மாப்பிள்ளை மறுபடியும் பேசினார். குரலைத் தாழ்த்தியிருந்தார்.

“மச்சான், ஒரு தேசத்து டாங்கியில பின்னாடி கதவு உண்டு. நானே படத்துல பார்த்து எழுதிப் படிச்சிருக்கேன். இது அந்த டாங்கின்னு வச்சுக்குவோம்.”

“அப்ப அது கதவு. ஓட்டை கிடையாது.”

“கதவுதான் மச்சான்.”

தகரம் வெட்டும் கத்தரி உள்ளே நுழைந்தது. டாங்கியை எங்கே தொட்டால் திறக்கும் என்று காலமெல்லாம் படித்தவர் என்பதால் நேராகத்தான் வெட்டினார். இரண்டு ஆள் குனிந்து வரும் அளவுக்கு வாசல் திறந்தது. இறங்கிக் கோயிலுக்கு நடந்தால் நல்ல நேரம் போய்விடும் என்று ஆசாரி சொன்னார். அதனால் பிள்ளையை அப்படியே உள்ளே கொடுத்தார்கள். சாய்ந்து கிடந்த டாங்கிக்குள், உருகிய லட்டுத் தட்டுப் பக்கத்தில், மாமன் மடியில் அது உட்கார்ந்தது. ஸ்டிக்கர் பொட்டைத் தானே பிய்த்து அவர் மெடலில் ஒட்டியது. ஆசாரி, கோயிலில் குத்தியிருக்கிறேன், மண்டபத்தில் குத்தியிருக்கிறேன், இந்தச் சாமானுக்குள் வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்று குனிந்து குத்தினார். முதல் காதுக்குப் பிள்ளை போட்ட சத்தத்தில் தகரம் அதிர்ந்தது. இரண்டாவது காதுக்கு அப்பா கை வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தது. மாப்பிள்ளை வாசல் வழியாகக் கையை நீட்டினார். அந்தக் கை பிள்ளைக்கு எட்டவில்லை. மச்சான்தான் அதைப் பிடித்து இழுத்துக் கொடுத்தார்.

அப்புறம் கறிச்சோறு. நான் மூன்று தடவை வாங்கினேன். வேப்பமரத்தடியில் இரண்டு பேரும் பழையபடி ஆரம்பித்துவிட்டார்கள், வலை டிரோனைப் பிடித்ததா, டிரோன் வலையைப் பிடித்ததா என்று. போட்டோக்காரர் டிரோனை முள்ளிலிருந்து எடுக்கக் கண்மாய்க்குள் நின்றுகொண்டிருந்தார். டிராக்டர் வைத்து எங்களைக் கரையேற்றினார்கள். திரும்பும்போது பின்னாலிருந்து நல்ல காற்று வந்தது. அருப்புக்கோட்டை தாண்டும்வரை என் தோளில் குத்தே விழவில்லை.

மறுநாள் காலையில் டாங்கிக்காரர் போனைக் கொண்டுவந்து காட்டினார். மாப்பிள்ளையே மறுபடியும் அவரைக் குரூப்பில் சேர்த்திருந்தார். வெட்டிய தகரத்துக்கு முன்னால் பிள்ளை மடியில் உட்கார்ந்திருக்கும் போட்டோ போட்டிருந்தார். ‘தாய்மாமன் மடியில்’ என்று மட்டும் எழுதியிருந்தது. சமர்ப்பணம் கிமர்ப்பணம் எதுவும் இல்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் பூவும் கைகூப்பும் போட்டிருந்தார்கள். கடைசியில் இவர் எழுதியது இருந்தது.

‘பின்னால் தெரிவது கதவு.’