ஒட்டிக்கொண்ட வார்த்தைகள்

என் கம்ப்யூட்டரில் இரண்டு பிரவுசர்கள் இருக்கின்றன. ஒன்று சட்டென்று திறக்கும். ஆனால் எந்தப் பக்கத்துக்குப் போனாலும், அறிவிப்பு அனுப்பட்டுமா, அனுப்பட்டுமா என்று கேட்டு உயிரை வாங்கும். இன்னொன்று ஆடி அசைந்து வரும். ஆனால் நேற்று நான் விட்டுவிட்டுப் போன பக்கங்களை அப்படியே எடுத்து வைத்திருக்கும். பென்ஷன் பக்கம் அதில் மட்டும்தான் ஒழுங்காகத் திறக்கிறது. இரண்டின் குறைகளையும் திட்டித் திட்டியே பழகிவிட்டேன். போன வாரம் மகள் வந்து, நான் கேட்காமலேயே இரண்டையும் அப்டேட் செய்தாள். பொத்தான்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. எல்லாம் சரி பண்ணியாச்சும்மா என்றாள். இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஆகாது. அதற்குக் காரணம் ஒரு டைப்ரைட்டர்.

எண்பதுகளின் நடுவில், எங்கள் ஊர் இண்டூரிலிருந்து தினமும் பஸ் ஏறித் தர்மபுரிக்குப் போய்த் தமிழ் டைப்பிங் படித்தேன். என்னைப் பெண் கேட்டு ஒரு குடும்பம் வந்து போயிருந்த நேரம் அது. எனக்கு அந்த வீட்டில் போய் வாழ இஷ்டமில்லை. டைப்பிங்கில் முதல் படியான லோயர் பரீட்சைக்கு விண்ணப்பம் கொடுத்த அன்று அப்பா சொன்னார்:

"ஒரே ஒரு தடவ எழுது பாப்பா. தேறிட்டீன்னா வேலைக்குப் போ. இல்லீன்னா அவிங்க வூட்டுக்குச் சரின்னு சொல்லிருவேன்."

அப்பா ஒன்று சொன்னால் மாற்றமாட்டார். அது ஊருக்கே தெரியும்.

இன்ஸ்டிட்யூட்டில் தமிழுக்கு இருந்தது இரண்டே மிஷின்கள். என் நேரத்தில் ஜன்னலோர மிஷின் எனக்கு. சுவரோர மிஷின் டவுனில் துணிக்கடை வைத்திருந்த பாயின் மகளுக்கு. யாருடைய மிஷின் மோசம் என்று எங்களுக்குள் தினமும் வாக்குவாதம். அவளுடையதில் எழுத்து அச்சடித்த மாதிரி விழும், ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் குத்த வேண்டும். சுண்டுவிரல் வீங்கிவிடும். என்னுடையதில் விரல் வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் மெய்யெழுத்துக்கு வைத்த புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்காரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு தட்டினால் இரண்டு இடம் தாவும்.

முதல் மாதமே கம்ப்ளெயிண்ட் நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதிவைத்தேன்: ஸ்பேஸ் பார் தாவுகிறது, உடனே கவனிக்கவும். ஒருவரும் கவனிக்கவில்லை. நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கட்டைவிரலால் தட்டாமல் சும்மா தடவிவிட்டால் ஒரு இடம் மட்டும் நகர்ந்தது. ஆறு மாதத்தில் அந்தத் தடவல் கையில் ஊறிவிட்டது. நோட்டில் எழுதியது மறந்தே போயிற்று.

பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்டிட்யூட் மிஷின்களையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். நான் பழகிய மிஷின்தான் வரும் என்பது மட்டுமே எனக்கிருந்த தைரியம். பரீட்சைக்கு முதல் நாள் மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொண்டேன். அதே சாயங்காலம் இன்ஸ்டிட்யூட்டில் என்ன நடந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

பெல் அடித்ததும் ஆரம்பித்தேன். கண் கேள்வித்தாளில், விரல் மிஷினில். அடிப்பதை நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்றுதான் பழக்கியிருந்தார்கள். கை அன்று பறந்தது. நாலு வரி போனபிறகு என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. ஸ்பேஸ் பாரின் சத்தமே கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். 'தங்கள்கடிதம்கிடைத்ததுஅதில்கண்டவாறு' என்று ரயில் பெட்டி மாதிரி போய்க்கொண்டிருந்தது. அதற்குப்பிறகு ஓங்கித் தட்டினேன். இரண்டு வார்த்தைக்குத் தட்டும் கை மூன்றாவதற்குப் பழையபடி தடவியது. பத்து நிமிடம் அப்படியே முடிந்தது.

வெளியே வந்ததும் இன்ஸ்டிட்யூட் சார் சிரித்த முகமாக விஷயத்தைச் சொன்னார். சேலத்திலிருந்து நேற்றுதான் மெக்கானிக் வந்தாராம். என் கம்ப்ளெயிண்டைப் படித்துவிட்டு, முதல் வேலையாக அந்த ஸ்பேஸ் பாரைச் சரி செய்தாராம். இனி தட்டினால்தான் அது நகரும். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பா பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் காத்திருந்தார். எப்படி அடித்தாய் என்று கேட்டார். நல்லா அடிச்சேன் என்றேன்.

ரிசல்ட் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒட்டிக்கொண்ட வார்த்தைகளை ஞாபகத்திலிருந்து ஒரு நோட்டில் எழுதி, எதை மன்னிப்பார்கள், எதைத் தப்பு என்பார்கள் என்று தினமும் பிரித்துப் பார்த்தேன். 'கேட்டுக்கொள்கிறேன்' சேர்ந்திருப்பதுதான் சரி. 'கடிதம்கிடைத்தது' நிச்சயம் தப்பு. 'அதில்கண்டவாறு'? ஒரு நாள் சரி என்று தோன்றும், மறுநாள் தப்பு என்று தோன்றும். பாயின் மகளிடம் நோட்டைக் காட்டினேன். "தமிழ்ல எதச் சேத்து எழுதணும், எதப் பிரிச்சு எழுதணும்னு திருத்துறவங்களுக்கே தெரியாதுடி, போ" என்றாள். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். வாசலில் யாராவது சைக்கிளை நிறுத்தினால் பெண் கேட்டவர்கள்தான் வந்துவிட்டார்கள் என்று கொல்லைப்பக்கம் ஓடுவேன்.

கடைசியில் தேறிவிட்டேன். இரண்டாம் வகுப்பு. எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டுக்கு ஓடிப் போனபோது அப்பா நடவுக்கு மரவள்ளிக்கிழங்குக் குச்சி நறுக்கிக்கொண்டிருந்தார். ரிசல்ட்டைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்து, ஸ்பேஸ் பார் கதை முழுவதையும் கொட்டிவிட்டேன்.

அப்பா கையை நிறுத்தவில்லை. "தெரியும். வெளிய வந்தப்பவே உன் மூஞ்சி சரியில்ல. அன்னைக்கே சார்கிட்ட, இவ தேறலீன்னா அடுத்த பரீட்சைக்கும் பேரு எழுதிக்கோங்கன்னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுனேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை நாள் நான் செத்துக்கொண்டிருந்தேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தினேன். அப்பா அடுத்த குச்சியை எடுத்தார்.

"நீதான நல்லா அடிச்சேன்னு சொன்ன" என்றார்.