மாமாவின் ஜவுளிக்கடை

புதுத்துணியின் கஞ்சி வாசனைதான் எனக்கு மலாக்கா காஜா பெராங் கடைத்தெரு. தெருவின் நடுவில் அம்மாவின் அண்ணன் ஜவுளிக்கடை வைத்திருந்தார். தீபாவளி நெருங்கினால் ரப்பர் தோட்டத்துச் சனம் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

"ஜப்பான்காரன் காலம்" வந்ததும் தெருவே செத்துவிட்டது. கடைப் பலகைகளில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து ஏறியது, அரிசிக்கடையில் மரவள்ளிக்கிழங்கு குவிந்தது, மாமாவின் அலமாரிகள் துடைத்துவிட்டதுபோல் கிடந்தன. ஆண்கள் சாக்கைத் தைத்து உடுத்தித் திரிந்தார்கள். "மானத்தை மறைச்சா போதும்" என்பார் அப்பா. அந்த அப்பாவும் குளிர்காய்ச்சலில் படுத்து, மருந்தில்லாமல் போய்ச் சேர்ந்தார்.

இறந்தவர் மேல் போர்த்தும் "கோடி" பெண் கொடுத்த வீட்டிலிருந்து வரவேண்டும் என்பது எங்கள் வழக்கம். மாமா வெறுங்கையோடு வந்தார்.

"அண்ணே, ரெண்டு முழமாவது குடுண்ணே, மூஞ்சிய மட்டுமாவது மூடி அனுப்புறேன்" என்று அம்மா அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

"எங்க போவேன் தங்கச்சி? எல்லாத்தையும் வாரிட்டுப் போயிட்டானுங்க. என் வேட்டிய அவுத்துத்தான் தரணும்" என்று அவரும் அழுதார். உண்மையாகவே கண்ணீர் வந்தது, நான் பார்த்தேன். அப்பாவைச் சாக்கில் சுற்றித்தான் கொண்டுபோனார்கள். அவருடைய கால்கள் வெளியே தெரிந்தன.

ஜப்பான்காரன் தோற்றான் என்ற செய்தி வந்த சில நாட்களில், அம்மாவும் நானும் கிழங்கு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனோம். மாமா கடையில் ஒரே கூட்டம். பின்சுவருக்கு முன்னால் பலகையடித்து இன்னொரு சுவர் எழுப்பிச் சரக்கைப் பதுக்கி வைத்திருந்திருக்கிறார், மகராசன்! அதைப் பெயர்த்து வெள்ளை மல், சீட்டி, வாயில் என்று துணிக்கட்டுகளை உத்தரம்வரை அடுக்கியிருந்தார். கஞ்சி வாசனை தெருமுனைவரை அடித்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"வா தங்கச்சி, உனக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கேன், புடிச்சத எடுத்துக்க" என்று கூச்சமில்லாமல் கூப்பிட்டார்.

"செத்தவருக்குப் போத்த இல்லாதத நான் கட்டிக்கவா?" என்றாள் அம்மா. அவள் கத்தவில்லை. அதன்பிறகு சாகும்வரை அவள் அந்தப் பக்க நடைபாதையில் கால் வைக்கவில்லை. அவள் சாவுக்குப் பட்டுக்கோடி கொண்டுவந்த மாமாவை நான் வாசலோடு திருப்பி அனுப்பினேன்.

இப்போது அந்தத் தெருவில் கைப்பேசிக் கடைகளும், நகை அடகுக் கடைகளும், கார் நிறுத்த இடமில்லாத எரிச்சலும்தான். "அந்தக் காலத்துக் கடைக்காரங்க எல்லாம் தங்கமான மனுசங்க" என்று கல்யாண வீடுகளில் யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து கைகழுவப் போய்விடுவேன்.

மாமா கடையைப் போன வருடம் இடித்துவிட்டார்களாம். பேரன்தான் வந்து சொன்னான்.

"பழைய கடையாச்சே, வருத்தமா இருக்கா பாட்டி?"

"இருக்காதா பின்ன? இடிக்கிறப்ப எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடா, நானும் ஒரு கை குடுத்திருப்பேன்."