இரண்டு கரைக்கும் ஒரே பாட்டு

என்மேல் விழுந்த முதல் அடி பிளாஸ்டிக் நாற்காலியால் விழுந்தது. அடித்தது யாரென்று இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்திருப்பேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நாற்காலியின் கால் ஒடிந்து, முனை என் தோளைக் கிழித்துக்கொண்டு போனது. கபடி மைதானம் முழுக்க மண்ணும் செருப்பும் பறந்தன. எல்லைக்கு நட்டிருந்த சவுக்குக் கம்புகளைப் பிடுங்கி ஆளை ஆள் சாத்திக்கொண்டிருந்தார்கள். நாலு மூலையிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில் ஒரு பாட்டு நிற்காமல் ஓடியது. அது நான் போட்ட பாட்டு. அத்தனை அடிதடியும் அந்தப் பாட்டுக்காகத்தான்.

நான் சினிமாவுக்கு இசையமைப்பவன் இல்லை. பதினைந்து வருடம் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தவன். மண்டபங்களில் டிஜே வைக்க ஆரம்பித்ததும் எங்கள் குழுவைக் கூப்பிட ஆளில்லாமல் போனது. பாளையங்கோட்டையில் வாடகை வீட்டு மாடி அறையின் சுவர்களில் முட்டை அட்டைகளை ஒட்டி, அதற்கு ஒலிப்பதிவுக் கூடம் என்று பெயர் வைத்தேன். நானே எழுதி, மெட்டுப் போட்டு, பாடி, இணையத்தில் ஏற்றினேன். என் மனைவியும் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் நாலு பேரும் கேட்டார்கள். அதிலும் இரண்டு டீச்சர்கள் பாதியில் நிறுத்திவிட்டதாக மனைவி வந்து சொன்னாள். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னதால் அன்று நான் சாப்பிடவில்லை.

இசையை விற்பது எப்படி என்று ஒருவர் இணையத்தில் வகுப்பு எடுத்தார். சேர்ந்தேன். கேட்கிறவன் எங்கே இருக்கிறானோ அங்கே போய் நிற்கச் சொன்னார். எங்கள் பக்கம் பாட்டுக் கேட்கிறவன் மினி பஸ்ஸில் இருக்கிறான். பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு மினி பஸ் டிரைவரிடமும் பல்லைக் காட்டி என் பாட்டு நிறைந்த பென் டிரைவைக் கொடுத்தேன். பாதிப் பேர் என் பாட்டை அழித்துவிட்டு அவர்களுக்குப் பிடித்ததை ஏற்றிக்கொண்டார்கள். முக்கூடல் பக்கம் ஓட்டுகிற ஒருவர் மட்டும் போட்டார். எனக்குச் சோறு போட்டது அந்த ஒரு வண்டிதான்.

அந்த வண்டியில் கேட்டுவிட்டுத்தான் ஆற்றின் தென்கரை ஊர் ஒன்றின் கபடி அணித் தலைவர் என்னைத் தேடி வந்தார். அணி மைதானத்துக்குள் நுழையும்போது போட ஒரு பாட்டு வேண்டும், கேட்டதும் எதிராளிக்கு வயிற்றைக் கலக்க வேண்டும் என்றார். போட்டுக் கொடுத்தேன். தவிலும் உடுக்கையும் முட்டி மோதும் தாளம். "ஆத்துத் தண்ணி குடிச்ச காலு, கோட்டைத் தாண்டி வருது பாரு" என்று தொடங்கி, முடிவில் ஊர்ப் பெயரை மூன்று முறை கத்துவோம். என் வாழ்க்கையில் நான் போட்டதிலேயே உருப்படியான பாட்டு அது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆறு மாதம் கழித்து வடகரையிலிருந்து ஒரு தம்பி வந்தான். அவன் அந்த ஊர் அணியின் ரைடர், அதாவது கோட்டைத் தாண்டிப் போய்த் தொட்டுவிட்டு வருகிறவன். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு மனுப் போட்டிருந்தான். உடல் தகுதித் தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. அவனும் அதே மாதிரிப் பாட்டு கேட்டான். ஒரே சரக்கைப் பத்துப் பேருக்கு விற்கத் தெரிய வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். தென்கரைப் பாட்டிலிருந்து ஊர்ப் பெயரை மட்டும் எடுத்துவிட்டு வடகரைப் பெயரை வைத்தேன்.

நான் அசட்டுத்தனமாகச் செய்யவில்லை, யோசித்துத்தான் செய்தேன். அந்த இரண்டு ஊருக்கும் ஆகாது. மேலுக்கு ஏதோ பைக் உரசிய தகராறு. அடியில் என்ன என்பதை இந்த மாவட்டத்தில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு ஊர் ஆடும் போட்டிக்கு இன்னொரு ஊர் போகாது. ஒருவர் கல்யாணத்துக்கு மற்றவர் வருவதில்லை, ஒருவர் ஸ்டேட்டஸை மற்றவர் பார்ப்பதில்லை. அவர்கள் பகை தீராதவரை எனக்குப் பயமில்லை என்று கணக்குப் போட்டேன். அடுத்தவன் பகையில் குளிர்காய்ந்த புத்தி அது. இன்று எழுதும்போது கூசுகிறது.

கோரஸ் கத்த அந்தத் தம்பியே என் மாடிக்கு வந்தான். மூன்று மணி நேரம் கத்தி, தொண்டை கட்டி, சுக்குக் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு மறுபடியும் கத்தினான். இறங்கிப் போகும்போது படியில் நின்று, இதை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டீர்களே என்று கேட்டான். உங்கள் ஊருக்கென்றே போட்டது என்றேன். அவன் முகம் அப்படி மலர்ந்ததைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

பிறகு போலீஸ்காரர்கள் நல்லது செய்யக் கிளம்பினார்கள். புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் இரண்டு ஊர் இளைஞர்களையும் சேர்த்து வைக்க ஒரு கபடிப் போட்டி ஏற்பாடு செய்தார். முக்கூடலைத் தாண்டி ஒரு பொது மைதானம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டம். முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே பந்தியில் பிரியாணி. வடகரைத் தம்பி போன் செய்து, நம்ம பாட்டு எப்படி அதிருதுன்னு பாக்க வாங்க அண்ணாச்சி என்று கூப்பிட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரியும்.

ஒன்றரை நாளில் புதிய பாட்டு ஒன்றைப் போட்டுத் தென்கரைத் தலைவருக்கு இலவசமாக அனுப்பினேன். பழையதைவிட இது நன்றாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இதையே போடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கேட்டுவிட்டு, பழசுக்குத்தான் பையன்கள் அடி வைத்துப் பழகியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் மாற்றியிருப்பார். என்னைத் திட்டியிருப்பார், அறைந்துகூட இருப்பார், ஆனால் மாற்றியிருப்பார். இரண்டு ஊர் வியாபாரமும் போய்விடும், மற்ற அணிகளுக்கும் தெரிந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் வடகரை அணி நுழைந்தது. பாட்டு அதிர்ந்தது, கூட்டம் எழுந்து நின்றது, தம்பி என்னைப் பார்த்துத் தொடையைத் தட்டினான். அடுத்துத் தென்கரை அணியை அழைத்தார்கள். அதே தவில், அதே உடுக்கை. வடகரைப் பக்கம் ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. பிறகு இரண்டு ஊரையும் சேராமல் பொதுவில் உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கூட்டம் முழுக்கப் பரவியது. அதைத்தான் இரண்டு ஊராலும் தாங்க முடியவில்லை. பாட்டுத் திருடன் என்று இந்தப் பக்கம் ஒருவன் கத்த, யாரைச் சொல்லுத என்று அந்தப் பக்கம் ஒருவன் கோட்டைத் தாண்டினான். அதற்குப் பிறகு கோடே இல்லை.

நாற்காலி அடியை வாங்கிக்கொண்டு நான் மைக் செட் மேஜைக்கு ஓடினேன். பாட்டை நிறுத்து என்றேன். மைக் செட்காரர் பயத்தில் ஆம்ப்ளிஃபயரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கையை எடுங்க, என் பொருளை உடைச்சிருவாங்க என்று அழுதார். அவர் மூக்கில் ஓங்கிக் குத்தினேன். ரத்தம் வந்தது. பாவம், அவர் செய்த தப்பு ஒன்றுமில்லை. அவரை நகர்த்தவும் முடியவில்லை, பாட்டும் நிற்கவில்லை. என் முன்னால் ஒருவன் கம்படி பட்டு மண்டை பிளந்து உட்கார்ந்தான். அந்த நேரத்திலும் என் காது, தவில் நன்றாக விழுந்திருக்கிறது என்று எனக்குச் சொன்னது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது தம்பி வந்தான். அவன் யாரையும் அடிக்கவில்லை. நேராக என்னிடம் வந்து என் சட்டையைப் பிடித்தான்.

"என்ன அண்ணாச்சி இது?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் என்னைத் தள்ளிவிட்டு நகர்ந்திருப்பான். அவன் கேட்டபடி நின்றான், நான் விழித்தபடி நின்றேன். மைதானத்து வாசலில் இருந்த இளநீர் வண்டியின் அரிவாளை எடுத்துக்கொண்டு ஒருவன் பின்னால் வந்ததை அவன் கடைசி நிமிடத்தில்தான் பார்த்தான். தலையை மறைக்க வலது கையைத் தூக்கினான். இளநீர் சீவுகிற அதே சத்தம்தான் கேட்டது. இரண்டு விரல்கள் மேஜைக்குக் கீழே விழுந்தன. அவன் கையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

விரல்களை நான்தான் பொறுக்கினேன். சர்பத் கடை ஐஸ் டப்பாவில் போட்டு, அவன் கையை என் துண்டால் சுற்றி, போலீஸ் ஜீப்பில் ஏற்றினேன். அதற்குள் தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு விரலைத் தைத்தார்கள். மற்றது ஒட்டாது என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் அந்தச் சண்டை வீடியோ எல்லார் போனிலும் ஓடியது, என் பாட்டோடு. வருடக்கணக்காக யாரும் எட்டிப் பார்க்காத என் சேனலுக்குக் கூட்டம் வந்தது. மத்தியானத்துக்குள் மூன்று அணிகள் போன் செய்து, அந்த வெட்டு விழுந்த பாட்டு மாதிரியே எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டன. மூன்றாவது ஆளை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனைச் சுவரில் எறிந்தேன். முட்டை அட்டை ஒட்டிய சுவர். போன் உடையக்கூட இல்லை. மனைவி அதை எடுத்துத் துடைத்து என் மடியில் வைத்தாள்.

"ஒரே பொண்ண ரெண்டு வீட்டுல பேசி முடிச்சிட்டு, ரெண்டு மாப்பிள்ளையும் ஒரே மண்டபத்துக்கு வந்துட்டாங்கன்னு போனை ஒடைக்கிய. போயி அந்தப் பையனப் பாருங்க."

போனேன். வலது கை முழுக்கக் கட்டோடு படுத்திருந்தான். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எங்களுக்குத்தான மொதல்ல போட்டீய, அண்ணாச்சி? அவனுவதான எடுத்துட்டானுவ?"

அவனுக்கு அது வேண்டியிருந்தது. விரல் போனதற்கு ஒரு நியாயம் வேண்டியிருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன் என்று படியிறங்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். அவன் என்னை வெறுத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு யாருடையது என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, எங்களுக்குப் பாட்டைப் பற்றியே தெரியாது, மைக் செட்காரன் எதையோ போட்டான் என்று இரண்டு பெஞ்சும் ஒரே குரலில் சொன்னது. பாட்டுக்காக மண்டையை உடைத்தவர்கள் வழக்கு என்றதும் பாட்டைக் கை கழுவினார்கள். அவர்கள் ஒற்றுமையாக இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். அவர் போட்ட பந்தி மண்ணோடு மண்ணாகப் போனதில் அவருக்கு வயிற்றெரிச்சல்.

"ஆஸ்பத்திரியில கெடக்கவன் ஒருத்தன்தான் அது எங்க பாட்டுன்னு எழுதிக் குடுத்திருக்கான் வே. நீரே ஒத்துக்கிட்டீருன்னும் சொல்லுதான். அப்போ தென்கரைக்காரன் உள்ள வரும்போது தன் பாட்டைப் போடச் சொல்லி வம்பிழுத்தது அவன்தான? அவன் பேரு மொதல்ல ஏறும்."

விரலோடு போலீஸ் வேலை போயிற்று. வழக்கிலும் பெயர் ஏறினால் வேறு எந்த அரசு வேலையையும் அவன் கனவிலும் நினைக்க முடியாது. விரலை இன்னொருவன் எடுத்தான். மிச்சத்தை என் வாய் எடுக்கப் போகிறது. பெஞ்சில் இருந்த இரண்டு ஊரையும் பார்த்தேன். வெளியே போனால் இவர்கள் எல்லோரும் இருப்பார்கள். இனி எந்த அணியும் என்னிடம் பாட்டு வாங்காது.

"பாட்டு என்னுது சார். தென்கரைக்குத்தான் மொதல்ல வித்தேன். பேரை மாத்தி அந்தத் தம்பிக்கும் வித்தேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அவங்கிட்ட நான் பொய் சொன்னேன்."

அப்படியே எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். தம்பி பெயர் ஏறவில்லை, என் பெயர் ஏறியது. வாசலில் தென்கரைப் பெரியவர் ஒருவர் என் முகத்தில் துப்பினார். வடகரைக்காரர்கள் நாலு பேர் என்னைப் புளியமரத்தடிக்கு இழுத்துப் போய்ச் சவட்டினார்கள். விலா எலும்பு ஒன்று விரிசல் விட்டது. யாரும் தடுக்கவில்லை, நானும் கையைத் தூக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது நம்ப முடியாத செய்தி.

விலாவைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவனுக்கு யாரோ போனில் சொல்லியிருந்தார்கள். என்னைக் கண்டதும் பைய எழுந்து உட்கார்ந்தான். நான் சொல்ல வந்ததை முழுவதும் சொல்ல விட்டான். முடித்ததும் இடது கையால் என்னை அறைந்தான்.

பழக்கமில்லாத கை. கன்னத்தில் விழ வேண்டியது காதோரம் உரசிக்கொண்டு போனது. சரியாக விழவில்லை என்று அவனுக்கே தெரிந்தது. கையைத் திருப்பி ஒரு முறை பார்த்துக்கொண்டான். பிறகு மறுபடியும் ஓங்கினான். நான் கட்டிலுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய் நின்றேன்.